கடைமடைக்குச் செல்லும் நீர்

(செம்பூர் திலக் நகரிலும் தாராவி, மாட்டுங்காப் பகுதிகளிலும் வாழும் தமிழ்ப் பௌத்த அன்பர்களுக்கு வஸ்ஸ கால உபதேசம்)



ஆஷாட பௌர்ணமியை அடுத்து வஸ்ஸ காலம் தொடங்குகின்றது. பிக்குகள் மழைக்காலம் மூன்று திங்களும் ஓரிடத்திலேயே தங்கும் இவ்வழக்கம் ஏன் ஏற்பட்டது என்பதை விநய பிடகம் கூறுகின்றது. தொடக்கத்தில் பிக்குகள் மழையிலும் ஊர் ஊராய் நடந்தனர். அவர்தம் காலடியில் இளம்பயிர் மிதிபட்டது. சிற்றுயிர்கள் நசுங்கி மடிந்தன. மக்கள் குறை கூறினர். அக்குறை பகவானின் செவிக்கு எட்டியது. அறம் பரப்பவன்றோ நடக்கின்றோம், அதனால் வரும் சிறு தீங்கைப் பொறுத்தால் என்ன என்று அவர் வாதிட்டாரல்லர். குறை உண்மையானது என ஏற்றார், விதி செய்தார். நாம் எங்குச் செல்கின்றோம் என்பது மட்டுமன்று, நாம் சென்ற பின் நம் பின்னால் என்ன விட்டுச் செல்கின்றோம் என்பதும் அறத்தின் கணக்கில் சேரும் என்பதே வஸ்ஸ காலத்தின் முதற்பாடம்.

அப்பாடத்தை நம் நாளில் நம் தெருவில் எங்ஙனம் கற்பது? நாம் ஒவ்வொரு நாளும் பின்னால் விட்டுச் செல்வது யாது? அது நாம் கழித்த நீர். குளித்த நீர், துவைத்த நீர், பாத்திரம் கழுவிய நீர், கழிவறையில் ஊற்றிய நீர். துளையின் வழியே மறைந்தவுடன் அந்நீர் நம் மனத்திலிருந்தும் மறைந்துவிடுகின்றது. நம் மனத்திலிருந்து மறைந்ததேயன்றி உலகத்திலிருந்து அது மறைந்ததில்லை. இன்றைய உபதேசம் அந்நீரைப் பற்றியது; அந்நீர் சென்று சேரும் மனிதரைப் பற்றியது.

தலைமடையும் கடைமடையும்

நம்மிற் பலருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இந்நகருக்கு வந்தவர்கள். பொருநையாற்றுப் பாசனத்தை அறிந்த குடும்பங்களுக்குத் தலைமடை எது, கடைமடை எது என்று விளக்க வேண்டுவதில்லை. தலைமடைக்காரன் மனம் வைத்தாலன்றிக் கடைமடை வயல் நனையாது. அக்கடைமடைக்கும் அப்பால் இருந்தது நம்மவர் சேரி. நல்ல நீர் வருங்கால் நாம் கடைசி. கழிநீர் வருங்கால் நாமே முதல். இது விதியன்று, நிலத்தின் சரிவு மட்டுமன்று, மனிதர் வகுத்த சரிவு.

மும்பையின் மிட்டி ஆற்றைப் பாருங்கள். ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீளமுள்ள சிற்றாறு அது. விகார் ஏரியும் பவாய் ஏரியும் நிரம்பி வழியும் நீரே அதன் பிறப்பு. 1860-ஆம் ஆண்டில் பம்பாய் நகருக்கு முதன்முதலாகக் குழாய்வழிக் குடிநீர் கொடுத்த ஏரி விகார் ஏரியே. அவ்வேரியைச் சூழ்ந்த அதே குன்றுத் தொடரிலேதான் நம் முன்னோராகிய பிக்குகள் வாழ்ந்த கன்னேரிக் குகைகள் உள்ளன. நூற்றுக்கு மேற்பட்ட அக்குகைகளில், பாறையிலேயே கால்வழி வெட்டி மழைநீரைத் திருப்பி, பாறைத் தொட்டிகளிற் சேர்த்து வைத்து, ஆண்டு முழுதும் அவர்கள் பருகினர். ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்டும் அத்தொட்டிகள் இன்றும் கண்கூடாகக் காணத்தக்கன. நீரை மதித்து வாழ்ந்த சங்கத்திற்கு அவை சாட்சி.

அக்குன்றிலிருந்து இறங்கும் ஆறு சாகிநாகா, குர்லா, காலினா வழியாக வந்து, தாராவியின் ஓரத்தைத் தழுவி, மாகிம் கழியிற் கலக்கின்றது. வழி நெடுக வீடுகளின் கழிநீரும் பட்டறைகளின் கழிநீரும் அதில் வந்து விழுகின்றன. தலையிற் குடிநீராய் இருந்தது, தாராவியை அடையும்போது சாக்கடையாய் வருகின்றது. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள், சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, அந்த ஆறு கரை கடந்து குர்லாவிலும் காலினாவிலும் தாராவியிலும் வீடுகளுக்குள் புகுந்தது. மேலே வாழ்ந்தவர் கழித்தது கீழே வாழ்ந்தவரின் படுக்கையில் வந்து நின்றது. அதன் பிறகே, அவ்வாண்டு ஆகஸ்டில், மிட்டி ஆற்றைக் காக்க அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்திற்று.

தாராவி மக்கள் மிட்டிக்குக் கடைமடை. திலக் நகரில் வாழும் நாம் யாருக்குத் தலைமடை? செம்பூர்ப் பகுதியின் நாலாக்கள் மாகுல் கழியை நோக்கிச் செல்வன. அங்கே மீன்பிடித்து வாழும் கோலி மக்கள் உள்ளனர்; அவ்விடத்துச் சேற்றுநிலங்களை நம்பி ஆண்டுதோறும் பூநாரைக் கூட்டங்கள் வருகின்றன. கடைமடையில் வாழ்ந்து அல்லற்பட்டவர்களின் மக்களாகிய நாம், இன்று வேறொருவருக்குத் தலைமடையில் நிற்கின்றோம். இந்த ஓர் உண்மையை உணர்ந்தால் மற்றவை தாமே விளங்கும்.

எது தூய்மை?

1927-ஆம் ஆண்டு மார்ச்சு 20-ஆம் நாள், பாபாசாகேப் அம்பேத்கர் மகாட் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீரைக் கையால் மொண்டு பருகினார். ஆயிரக்கணக்கான மக்கள் அவரைப் பின்பற்றிப் பருகினர். பின்னர் நடந்தது யாது? குளம் தீட்டுப்பட்டதென்று சொல்லி, சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் குடம் குடமாகக் கலந்து அக்குளத்தில் ஊற்றி, மந்திரம் ஓதி, குளம் தூய்மையாயிற்று என்றனர்!

அன்பர்களே, இதைச் சற்றே நின்று சிந்தியுங்கள். மனிதன் கைபட்ட நீர் அழுக்கு. சாணம் கரைத்த நீர் தூய்மை. கண்ணால் காணும் அழுக்கை அழுக்கென்று அறியாமல், கண்ணுக்குத் தெரியாத 'தீட்டு' ஒன்றைக் கற்பித்துக்கொண்ட சமுதாயத்திற்கு ஆறுகளைக் காக்கத் தெரியாமற் போனதில் வியப்பென்ன? நதியைத் தாய் என்று தொழுவதும் அதே நதியிற் சாக்கடையைத் திருப்புவதும் ஒரே கையால் நடப்பதற்குக் காரணம் இதுவே. தூய்மை என்பதைப் பொருளிலிருந்தும் செயலிலிருந்தும் பிரித்துப் பிறப்பின்மேல் ஏற்றியதன் விளைவு அது.

பகவான் இம்மயக்கத்தை அக்காலத்திலேயே அறுத்தெறிந்தார். சுந்தரிக பாரத்துவாசன் என்னும் பிராமணன், பாகுகை ஆற்றில் நீராட வருகின்றீரோ என்று அவரை வினவினான். அவ்வாற்றில் மூழ்கினால் தீவினை கழியும் என்பது அவன் நம்பிக்கை. தீச்செயல் புரிந்தவனை எந்த ஆறும் கழுவித் தூய்மையாக்காது என்று ததாகதர் மறுத்தார். எல்லா உயிர்களுக்கும் அச்சமின்மை அளிப்பதே உண்மையான நீராட்டு என்னும் பொருள்பட அவனுக்கு உபதேசித்தார். ஆறு நம்மைத் தூய்மையாக்கும் என்பது பழைய மயக்கம். ஆற்றைத் தூய்மையாக வைத்திருப்பது நம் கடன் என்பது தம்மம்.

விநயம் கற்பித்த ஒழுக்கம்

பிக்குகளுக்குரிய பாதிமோக்கத்தில் சேகிய விதிகள் 75 உள்ளன. அவற்றுள் இறுதி விதி எது தெரியுமா? நோயுற்றிருந்தாலன்றி நீரில் மலசலம் கழித்தலோ உமிழ்தலோ கூடாது என்பதே. அதற்கு முந்திய விதி பசும்புல்லைப் பற்றி அதையே கூறுகின்றது. உண்ணும் முறை, உடுக்கும் முறை எல்லாம் கூறி முடித்து, அவற்றோடு ஒப்ப வைத்து நீரைக் காக்கும் விதியையும் சங்கத்தின் ஒழுக்கமாக வைத்தார். பிறர் பருகும் நீரைக் கெடுப்பது அவமரியாதை மட்டுமன்று, கருணையின்மையுமாம்.

கழிவறையைப் பற்றியும் விநயம் விரிவாகப் பேசுகின்றது. இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டா. பகவான் சுளிக்கவில்லை. பிராமண குலத்திற் பிறந்த பிக்கு ஒருவர், மலம் கழித்தபின் கழுவிக்கொள்ள மறுத்தார். நாற்றமுள்ள இதனை யார் தொடுவர் என்பது அவர் எண்ணம். அவர் தம் உடலின் அழுக்கையே தொட மறுத்தவர். வேறொருவன் தொட வேண்டும் என்று பிறந்த குலம் அவருக்குக் கற்பித்திருந்தது. பகவான் அவரைக் கண்டித்துக் கழிவறைக்குரிய கடமைகளை வகுத்தார். கழிவறை அழுக்காயிருப்பின் கண்டவரே கூட்ட வேண்டும். நீர்ச்சால் வெறுமையாயிருப்பின் கண்டவரே நிரப்ப வேண்டும். மூத்தவர் முதலில், இளையவர் பின்னர் என்ற வரிசையும் அங்கு இல்லை; வந்தவர் வந்த முறையே செல்லலாம். சங்கத்தில் துப்புரவுக்கென ஒரு சாதி வைக்கப்படவில்லை என்பதைக் காணுங்கள்.

மற்றொரு நிகழ்ச்சி. வயிற்றுப்போக்கு நோயால் தம் மலத்திலேயே புரண்டு கிடந்தார் ஒரு பிக்கு. உடனுறைந்தோர் எவரும் அவரைக் கவனிக்கவில்லை. பகவானே நீர் ஊற்ற, ஆனந்தர் அவர் உடலைக் கழுவ, இருவருமாகத் தூக்கிப் படுக்கையில் கிடத்தினர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குப் பணிவிடை செய்க என்று பின்னர்ச் சங்கத்தாருக்குக் கூறினார். வாடிய மலர்க்குப்பை அள்ளும் குலத்திற் பிறந்த சுனீதர், பகவான் எதிரே வரக் கண்டு ஒதுங்க இடமின்றிச் சுவரோடு ஒட்டி நின்றார் என்றும், ததாகதர் அவரை அழைத்துச் சங்கத்திற் சேர்த்தார் என்றும் தேரர் வரலாறு கூறும். சுனீதர் கையிலிருந்த கூடையை இறக்கி வைத்தவர் பகவான். நோயாளியின் அழுக்கைக் கழுவத் தாமே குனிந்தவரும் பகவான். அவ்விரண்டும் சேர்ந்ததே தம்மம்: யாரையும் அழுக்கிற்கு உரியவராக ஆக்காதே, அழுக்கைக் களையும் பொறுப்பிலிருந்து நீயும் விலகாதே.

மாட்டுங்காவில் எரிந்த விளக்கு

அழுக்கு என்பது யாது? அது ஒரு பொருளின் இறுதி நிலையன்று. காரணகாரியத்தால் மாறக்கூடிய ஒரு நிலை. பட்டிச்ச சமுப்பாதம் கற்றவர்க்கு இது புதிதன்று. இவ்வுண்மையை இந்நகரிலேயே, நம் வீடுகளுக்கு அண்மையிலேயே மெய்ப்பித்துக் காட்டிய வரலாறு ஒன்றுண்டு.

1890-ஆம் ஆண்டில் நகராண்மை ஆணையராக இருந்த அக்வொர்த் என்பார், வீடின்றித் தெருவில் அலைந்த தொழுநோயாளர்க்கு மாட்டுங்காவில் ஓர் இல்லம் அமைத்தார். வடாலாவிலுள்ள அக்வொர்த் மருத்துவமனை அதுவே. ஊராரால் விலக்கப்பட்டவர்களுள்ளும் விலக்கப்பட்டவர்கள் அங்கு வாழ்ந்தனர். நகரத்தின் பெருஞ் சாக்கடைத் திட்டத்தை எதிர்பாராமல், அந்தச் சிறு குடியிருப்புக்கே உரிய முறையில் கழிநீரைச் சுத்தம் செய்யக் கார்கீட் ஜேம்ஸ் என்னும் பொறியாளர் செப்டிக் தொட்டி அமைத்து ஆராய்ந்தார். காற்றுப் புகாமல் மூடிய தொட்டியில் கழிநீர் மெல்ல நகர்ந்தது. கனத்த பொருள் அடியிற் படிந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை உண்டு சிதைத்தன. நீர் தெளிந்து மறுபுறம் வெளியேறி நிலத்திற் பாய்ந்து பயிர் வளர்த்தது. சிதையும்போது மேலே எழுந்த வாயுவை வீணாக்காமல் திரட்டி, 1897-ஆம் ஆண்டளவில் விளக்கேற்றவும் எஞ்சினை இயக்கவும் பயன்படுத்தினர். சாண எரிவாயுவைப் பற்றி நாட்டில் எவரும் பேசாத காலம் அது. சாக்கடை வாயுவைத் திரட்டிப் பயன்கொண்ட உலகின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக அறிஞர் அதனை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

ஊரார் எவரை அழுக்கென்று ஒதுக்கினரோ, அவர்தம் இல்லத்தில், எதை அழுக்கென்று ஒதுக்கினரோ அதிலிருந்து, ஒளி பிறந்தது. மந்திரத்தாலன்று, காரணத்தை அறிந்து காரியத்தை நடத்தியதால்.

அந்நாள் தொட்டு இம்முறை பலவாறு வளர்ந்துள்ளது. 1914-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஆர்டன், லாக்கெட் என்னும் இருவர் புதியதொரு முறை கண்டனர். கழிநீருக்குள் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கை விரைவில் உண்டுவிடும். அடியில் தங்கும் வண்டலைத் திரும்ப எடுத்துப் புதுக் கழிநீரிற் சேர்த்தால், பாலுக்கு உறை ஊற்றியது போல் அதுவே வித்தாகி வேலை செய்யும். அவர்களுக்கு வழிகாட்டிய ஃபௌலர் என்னும் பேராசிரியர் 1916-இல் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற்கு வந்து பணியாற்றினார். காற்றில்லாக் கழிநீரை ஆற்றில் விட்டால், அதிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் ஆற்று நீரின் பிராணவாயுவையெல்லாம் எடுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறி மடியும். ஆறு கறுத்து நாறும். அவ்வேலையை ஆற்றுக்கு வெளியே, தொட்டிக்குள் நாமே முடித்துக் கொடுப்பதற்குத்தான் சுத்திகரிப்பு என்று பெயர். ஆற்றுக்கு அளிக்கும் அபயதானம் அது.

சிற்றூர்களாலும் இது இயலும். தமிழ்நாட்டில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி என்னும் சிறு பேரூர், வீட்டுச் செப்டிக் தொட்டிகளிலிருந்து லாரிகள் உறிஞ்சி வரும் கசடைக் கண்ட இடத்தில் கொட்டவிடாமல், உலர்த்திச் சுத்தம் செய்யும் நிலையத்தை 2017-இல் பெற்றது. தமிழ்நாட்டில் அவ்வகையில் அதுவே முதல். மும்பையிலோ, நாளொன்றுக்கு மொத்தம் 246 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிநீரைச் சுத்திகரிக்க ஏழு நிலையங்களுக்கு 2023 ஜனவரி 19-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. அவற்றுள் தாராவிக்கு 41.8 கோடி லிட்டர், கட்கோபருக்கு 33.7 கோடி லிட்டர். இவை நல்ல செய்திகளே. ஆயினும் பெருநிலையம் எத்துணைப் பெரிதாயினும், நம் வீட்டுக் கழிநீர் தவறுதலாக மழைநீர் நாலாவிற் சேர்ந்தால், அது அந்நிலையத்தைக் காணாமலே கடலுக்குப் போய்விடும்.

ரோகிணிக் கரையில் கேட்ட வினா

இப்போது இவ்வுபதேசத்தின் உயிர்நிலைக்கு வருவோம்.

ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது நம் நாட்டு நகரங்களுக்கு வகுத்த அளவு. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிநீராய் வெளியேறும் என்று கணக்கிடுவர். ஐவர் கொண்ட குடும்பம் ஒன்று 540 லிட்டர். நூறு குடும்பம் வாழும் ஒரு கட்டடம் நாளொன்றுக்கு 54,000 லிட்டர். திலக் நகரில் வீட்டு வசதி வாரியத்தின் பழைய தாழ்ந்த கட்டடங்கள் இருந்த இடங்களில் இன்று உயர்ந்த மாடங்கள் எழுந்துள்ளன, எழுந்தும் வருகின்றன. 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெருங்கட்டடங்கள் தமக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலையத்தின் தொட்டி எங்கோ நிலத்தடியில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அடியிற் கசடு சேரும், குழாய் அடைத்துக்கொள்ளும். அன்று யாரை அழைப்பர்?

இயந்திரத்தை அழைத்தால் கட்டணம், காத்திருக்கவும் வேண்டும். ஒப்பந்தக்காரர் ஓர் ஆளை அனுப்புவார்; அவர் கேட்பது குறைந்த தொகை. அவ்வாள் எச்சாதியைச் சேர்ந்தவராக இருப்பார் என்பதை நான் சொல்ல வேண்டுமோ? அவர் நம்மவர். நாம் நேற்று விட்டு வந்த சேரியிலிருந்து இன்றும் வெளியேற முடியாதவர். மூடியைத் திறந்து அவர் இறங்குகின்றார். தொட்டியின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தேங்கியிருக்கும். அது காற்றினும் கனமானது. சிறிதளவில் அழுகிய முட்டை போல் நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் முகரும் ஆற்றலையே அழித்துவிடும். ஆகையால் ஆபத்து பெருகும்போது நாற்றம் தெரியாது. இரண்டொரு மூச்சில் மனிதன் சாய்வான். அவனைத் தூக்க இறங்கும் தோழனும் சாய்வான். ஒரு தொட்டியில் இருவர், மூவர் என்று செய்தித்தாள்களில் நாம் படிப்பது இதனாலேயே.

சாக்கியருக்கும் கோலியருக்கும் இடையே ஓடிய ரோகிணி ஆற்றைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். வேனிற்காலத்தில் நீர் வற்றவே, அணைநீர் யாருக்கு என்று இரு கரையாரும் பூசலிட்டனர். பூசல் போராக மூண்டது. இவ்வாற்று நீர்ப் பிணக்கையே சித்தார்த்தர் துறவு பூண்டதற்குக் காரணமாகப் பாபாசாகேப் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் வைத்தார். ஜாதகக் கதையோ, ததாகதரான பின் அவர் அக்கரைக்கு வந்ததைக் கூறுகின்றது. எதன் பொருட்டுப் போர் என்று அவர் வினவினார். அரசர்களுக்குத் தெரியவில்லை. படைத்தலைவர்களை வினவினர், அவர்களுக்கும் தெரியவில்லை. ஒருவர்பின் ஒருவராக வினவி, இறுதியில் வயலில் வேலை செய்த அடிமைகளையும் கூலியாட்களையும் வினவியபோதுதான், நீரின் பொருட்டு என்ற விடை கிடைத்தது. உடனே பகவான் கேட்டார்: நீரின் விலை என்ன? சிறிதே என்றனர். மனிதரின் விலை என்ன? அதற்கு விலையே இல்லை என்றனர். விலையற்ற ஒன்றைச் சிறுவிலைப் பொருளுக்காக அழிக்கலாமோ என்று அவர் கேட்க, இரு படையும் தலை குனிந்தன.

இக்கதையில் இரண்டு செய்திகள் நமக்கு உரியன. முதலாவது, உயரத்தில் இருந்தவர்களுக்கு நீர் எங்கே போகிறதென்று தெரியவில்லை, உழைத்தவனுக்குத் தெரிந்திருந்தது. நம் கட்டடத்துக் கழிநீர் எங்கே போகிறதென்று சொசைட்டித் தலைவரைக் கேளுங்கள், செயலாளரைக் கேளுங்கள், பெரும்பாலும் தெரியாது. கூட்டித் துடைக்கும் தொழிலாளிக்குத் தெரிந்திருக்கும். இரண்டாவது, அந்த வினா. இயந்திரக் கட்டணத்தின் விலை என்ன? இறங்கும் மனிதனின் விலை என்ன?

இந்நாட்டின் சட்டமும் இவ்வினாவை மெல்ல மெல்ல அணுகியுள்ளது. 1993-இல் ஒரு சட்டம்; 2013-இல் அதனினும் வலிய சட்டம். பாபாசாகேபின் நினைவு நாளாகிய டிசம்பர் 6-ஆம் நாளிலேயே அவ்வாண்டு அது நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடையிலோ செப்டிக் தொட்டியிலோ ஆளை இறக்கினால், முதற் குற்றத்திற்கே ஈராண்டு வரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். இது நகராண்மைக்கு மட்டுமன்று. தனியாருக்கும், நம் சொசைட்டிக்கும் பொருந்தும். சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியது. 2023 அக்டோபர் 20-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரி 29-இல், மும்பை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆள் இறக்கும் வழக்கம் அறவே ஒழிக என்றும் ஆணையிட்டது. இழந்த குடும்பத்துக்கு 30 இலட்சம் வேண்டும், மறுக்க வேண்டா. ஆனால் அது உயிரின் விலையன்று. ரோகிணிக் கரையில் ததாகதர் பெற்ற விடை, விலையில்லை என்பதே.

ஒரு கேள்வி உங்களில் எழலாம். தலைமுறை தலைமுறையாக நம்மைச் சாக்கடையோடு கட்டிவைத்தனர்; அதிலிருந்து விடுபடவன்றோ 1956-இல் நாகபுரியில் பாபாசாகேபின் பின் சென்று தம்மம் தழுவினோம்; இப்போது மீண்டும் சாக்கடையைப் பற்றியே நமக்கு உபதேசிப்பது தகுமோ? இக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை இது. நாம் விட்டது பிறப்பால் சுமத்திய தொழிலை. மனிதன் என்ற முறையில் வரும் பொறுப்பையன்று. சாக்கடையைப் பற்றிப் பேசாமலிருப்பது விடுதலையாகாது. பேசாமலிருந்தால், நம் தொட்டியில் வேறொரு சுனீதர் இறங்குவார். நாம் மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டிருப்போம். அன்று நாம் மகாட் குளத்தில் குடம் ஊற்றியவரின் பக்கத்தில் நிற்பவராவோம். நீரை மொண்டு பருகியவரின் பக்கத்தில் அல்ல.

நாம் செய்ய வேண்டுவது

இந்த வஸ்ஸ காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் மேற்கொள்ளத்தக்க விரதங்கள் சிலவற்றைக் கூறி முடிப்பேன். இவை உண்ணா விரதத்தினும் பயனுடையன.

ஒன்று: நம் கட்டடத்தின் கழிநீர் நகராண்மைச் சாக்கடைக் குழாயில் இணைந்துள்ளதா, மழைநீர் நாலாவிற் போய் விழுகின்றதா என்று கேட்டறிதல். தவறாக இணைந்திருப்பின் வார்டு அலுவலகத்திற்கு எழுத்து மூலம் தெரிவித்துத் திருத்தச் செய்தல்.

இரண்டு: சொசைட்டியின் பொதுக்கூட்டத்தில், எக்காரணத்தினாலும் தொட்டியிலோ குழியிலோ ஆளை இறக்குவதில்லை, இயந்திரத்தால் மட்டுமே சுத்தம் செய்விப்போம் என்று தீர்மானம் நிறைவேற்றி, அதற்குரிய தொகையை ஆண்டுச் செலவில் முன்னரே ஒதுக்கி வைத்தல். பணமில்லை என்ற சொல் அவ்வேளையில் எழாதிருக்க இதுவே வழி.

மூன்று: சுத்திகரிப்பு நிலையம் உள்ள கட்டடங்களில் மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க அதன் காற்றூட்டும் பொறியை நிறுத்தி வைக்காதிருத்தல். காற்று நின்றால் நுண்ணுயிர் மடியும். வெளியேறும் நீர் பெயரளவில் மட்டுமே சுத்தமானது.

நான்கு: எண்ணெய், துணி, பிளாஸ்டிக்கு, குழந்தைகளுக்குக் கட்டும் கச்சை ஆகியவற்றைக் கழிவறையிலும் சாக்கடையிலும் போடாதிருத்தல். அடைப்பு உண்டாவது இவற்றால். அடைப்பு உண்டானால் அழைக்கப்படுவது மனிதன். இன்று சோம்பலால் நாம் போடும் ஒரு துணி, நாளை ஒருவனைக் குழிக்குள் இறங்கச் செய்யும் காரணமாகலாம்.

ஐந்து: குப்பை அள்ளவும் சாக்கடை துப்புரவு செய்யவும் வரும் தொழிலாளரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு 'வாங்க' என்று அழைத்து, நம் பாத்திரத்திலேயே நீர் கொடுத்தல். நம் குழந்தைகள் அதைப் பார்த்து வளரட்டும்.

பஞ்ச சீலத்தின் முதல் சீலம் உயிர்க்கொலை நீக்குதல். கத்தி எடுத்தவன் மட்டுமே கொலைஞன் என்று எண்ணற்க. மூடியைத் திறந்துவிட்டு, இறங்கு என்று சொன்னவனும், சொன்னதைக் கேட்டும் கேளாதவன்போல் நின்றவனும் அச்சீலத்தின்முன் நின்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளக் கடவர். இரண்டாம் சீலம் கொடாததை எடுத்துக்கொள்ளாமை. மாகுல் மீனவனின் கழியைக் கெடுப்பது அவன் கொடாத வாழ்வை நாம் எடுத்துக்கொள்வதன்றோ?

நல்ல நீரைப் பிறர் நமக்கு எந்நிலையில் விட்டுத் தரவேண்டும் என்று நம் முன்னோர் ஏங்கினரோ, அந்நிலையில் நாம் கழித்த நீரைக் கீழ் நிற்பவருக்கு விட்டுத் தருவோமாக. கடைமடையில் நின்றவர்க்கே கடைமடையின் துயர் தெரியும். தெரிந்தவர் தலைமடையில் நிற்கும் நாளில் தம்மச் சக்கரம் ஒருமுறை சுழன்றதென்று பொருள்.

உங்கள் இல்லங்களிலும், உங்கள் நீர் சென்று சேரும் இடங்களிலும், எல்லா உயிரும் அச்சமின்றி வாழ்க. புத்தம், தம்மம், சங்கம் என்னும் மும்மணிகளின் துணை உங்களுக்கு உண்டாகுக.

சாது! சாது! சாது!